எதற்கும் இருக்கட்டும், ஒரு அஞ்சு

ஜூன் 9, ஞாயிறு

இன்றும் இவர் விமானத்தை ரன்வேயின் கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில்தான் நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் தென்னந்தோப்புக்குள் நுழைந்து ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. பத்திரமாக இறங்கினோமா இல்லையா என்று மட்டும் கேட்டார். இறங்கினோம். யார் இல்லையென்றது?

எங்கள் பக்கத்து ஆட்கள் கையில் காசு வந்தால் தோட்டம் வாங்குவார்கள். தோட்டம் ஏற்கெனவே இருந்தால் பக்கத்துத் தோட்டத்தை வாங்குவார்கள். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் பம்ப்செட் விற்ற காசில் ஒரு விமானத்தில் பங்கு வாங்கினார். இரண்டு பேர் நெருக்கி உட்காரும் சின்ன செஸ்னா. மீதிப் பங்கு அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேருடையது. பல்லடம் தாண்டி ஒரு மில்காரர் தன் நிலத்தில் ரன்வே போட்டு ஃபிளையிங் கிளப் ஒன்று நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கறிக்கடையில் நிற்கும்போது நாங்கள் அங்கே போய் நிற்கிறோம்.

வலது பக்க சீட் என்னுடையது. எனக்கு அதில் ஒரு வேலையும் உண்டு. இறங்கும்போது வேக முள்ளைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதுதான் விமானத்தில் முறை என்று போன வருடம் இவர் சொல்லிக்கொடுத்தார். எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபது என்று நான் வாசிப்பேன். கல்யாணப் பந்தியில் இலை எண்ணிச் சொல்லி வளர்ந்த குரல். இன்ஜின் சத்தமெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஜூன் 12, புதன்

நாளை பொள்ளாச்சி ரோட்டில் பெரிய கல்யாணம். எண்ணூறு இலை என்றார்கள், தொள்ளாயிரத்துக்குச் சமைக்கச் சொல்லிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும். கடைசிப் பந்தியில் ரசம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், இத்தனை வருடம் சாந்தாமணி கேட்டரிங் என்று வாங்கிய பெயர் அந்த ரசத்தோடு போய்விடும்.

சாயங்காலம் இவரை டாக்டர் மதிவாணனிடம் அழைத்துப்போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பதினொன்றைத் தாண்டியிருக்கிறது. இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி ஆரம்பிக்க வேண்டும், கண்ணையும் உடனே காட்டிவிடுங்கள் என்றார். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஊசி போட்டுக்கொண்டால் விமானம் ஓட்ட மெடிக்கல் சர்டிபிகேட் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள் என்றார் டாக்டர். இவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நவம்பரில் மெடிக்கல் வருகிறது, அது முடியட்டும், பார்க்கலாம் என்றார். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் பேசுகிற அதே குரல்.

ஜூன் 13, வியாழன்

கல்யாணத்தில் மிஞ்சிய மைசூர்பாகு வீட்டுக்கு வந்தது. இவர் இரண்டு தின்றார். மூன்றாவதை நான் பிடுங்கினேன். அதிலிருந்து பேச்சு ஊசிக்குப் போனது. நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். கடைசியில் ஒரு பந்தயம் கட்டினார்.

"நீ ஒரு தடவ தனியா அந்த வண்டிய எறக்கிக் காட்டு அம்மிணி. அன்னிக்கே ஊசி போட்டுக்கறேன்."

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பைலட்டுக்கு மயக்கம் வந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் என்ன செய்வது என்று தை மாதம் கிளப்பில் ஒரு வகுப்பு வைத்தார்கள். எல்லா வீட்டம்மாக்களும் ஒரு நாள் வந்து போண்டா சாப்பிட்டுப் போனார்கள். நான் மட்டும் விடாமல் தொடர்ந்தேன். மெடிக்கல் பாஸ், எழுத்துப் பரீட்சை பாஸ். ஏற்றுவேன், திருப்புவேன், நேராகக் கொண்டுவருவேன். இறக்கத்தான் வரவில்லை. வரவே வராது என்ற நம்பிக்கையில்தான் மனுஷர் பந்தயம் கட்டுகிறார்.

சத்தியமா என்று கேட்டேன். கையில் அடித்தார். தேதி போட்டு எழுதிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

கேப்டன் நஸ்ரினுடன் வகுப்பு. உடுமலைப்பேட்டைப் பெண். என் மகளைவிட இரண்டு வயது சின்னவள், அதனால் இதில் அவள் இவள் என்றுதான் எழுதுகிறேன். நேரில் கேப்டன்தான்.

இறங்க வரும்போது முள் அறுபதில் நிற்க வேண்டும் என்கிறாள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மூக்கு. உயரத்துக்கு இன்ஜின். நம் புத்திக்கு இது தலைகீழாகத் தெரியும். வேகம் அதிகமானால் மூக்கைக் கொஞ்சம் தூக்க வேண்டும், குறைந்தால் இறக்க வேண்டும். எனக்கு எல்லாம் புரிகிறது. கைக்குத்தான் புரியவில்லை. முள் குறைந்து அறுபத்தைந்தை நெருங்கியதும், விழுந்துவிடுவோம் என்று கை தானாக மூக்கைக் கீழே அழுத்திவிடுகிறது. அறுபத்தெட்டில் வந்து சேர்ந்தேன்.

அப்புறம் என்ன? ரன்வேக்கு ஒரு முழம் மேலே வந்து, இன்ஜினைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, உட்காரு உட்காரு என்று காத்திருந்தேன். கல்யாண வீட்டில் சம்பந்தியை இலையில் உட்காரச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? இருக்கட்டும் இருக்கட்டும் என்று நின்றுகொண்டே இருப்பாரே, அப்படி விமானம் உட்காராமல் மிதந்துகொண்டே போனது. பாதி ரன்வே தாண்டியதும் நஸ்ரின் இன்ஜினை முழுக்கக் கொடுத்து மேலே ஏற்றிவிட்டாள். தப்பில்லை மேடம், சந்தேகம் வந்தால் ஏறிவிடுவதுதான் சரி என்றாள். தரையில் அழுத்தி உட்கார வைக்க மட்டும் பார்க்கக் கூடாதாம். முன்சக்கரம் முதலில் மோதும், பந்து மாதிரி எகிறும், ஒவ்வொரு எகிறலும் முன்னதைவிடப் பெரிதாக இருக்கும்.

நான் வேகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வருவதை யார் சொல்லிக்கொடுத்தது என்றும் கேட்டாள். அதுதானே முறை என்றேன். இரண்டு பைலட் இருக்கிற பெரிய விமானத்தில் சொல்வார்கள், இதில் ஓட்டுகிறவர்களே முள்ளைப் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். பாவம் இவர். நான் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று ஒரு வேலை ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறார் போல. வீட்டில் ஒரு டம்ளர் எடுத்து வைக்காத மனுஷருக்கு மேலே போனால்தான் இந்தக் கரிசனம் வருகிறது.

ஜூன் 23, ஞாயிறு

சாயங்காலமானால் வீட்டிலும் வகுப்பு. இவர் வாத்தியார். நான் நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்திக் கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்தயம் கட்டியவரே சொல்லித் தருகிறார், எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை.

"அறுபதுன்னு புஸ்தகத்துல போட்டிருப்பான். நீ எதுக்கும் ஒரு அஞ்சு வெச்சுக்க. வேகம் கொறஞ்சா விழுவே, அதிகமானா கொஞ்சம் ஓடுவே. விழறதுக்கு ஓடறது மேல்."

எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. தொள்ளாயிரம் இலைக்குச் சமைக்கிறவளுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? அவருடைய அஞ்சை வைத்தேன். அதற்கு மேல் என் பங்குக்கு ஒரு அஞ்சையும் வைத்தேன். சப்பாத்திக் கட்டை எழுபதில் அருமையாக இறங்கியது.

இடையில் வந்த கல்யாணப் பத்திரிகையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்து முகூர்த்த நேரத்தைப் படிக்கச் சொன்னார். கண்ணாடியை மாற்றுங்கள் என்றேன். இப்போதெல்லாம் அச்சு சரியில்லை என்றார். தமிழ்நாட்டு அச்சகங்கள் எல்லாம் சேர்ந்து இவர் ஒருவருக்கு எதிராகச் சதி செய்கின்றன.

ஜூன் 30, ஞாயிறு

மூன்று முயற்சி. மூன்றிலும் சம்பந்தி உட்காரவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இன்று இவர் ஓட்டினார், நான் வாசித்தேன். ரன்வே நெருங்கும்போது காலையில் தின்ற பொரி தொண்டையில் சிக்கி இருமல் வந்துவிட்டது. வாசிப்பை நிறுத்தினேன். "வாசி, வாசி" என்று கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. இருமலுக்கு நடுவே எழுபத்தைந்து என்றேன். மிதந்து மிதந்து கடைசியில் டமாலென்று விழுந்து, பிரேக் தேய்ந்த நாற்றத்தோடு வேலிக்குப் பக்கத்தில் நின்றோம்.

இறங்கியபின் அவர் இறக்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். சர்க்கரை ஏறியோ இறங்கியோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் காரை நிறுத்தச் சொல்லி எனக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார். ஒரு நிமிடம் நான் வாய் ஓய்ந்ததற்கா இத்தனை கோபம்? வீட்டில் நான் வாய் ஓய்ந்தால் சந்தோஷப்படுகிற மனுஷர்தானே.

காரை நான்தான் ஓட்டிவந்தேன். இப்போதெல்லாம் நான் ஓட்டினால் அவருக்கு நிம்மதியாக இருக்கிறதாம். முன்பு நான் ஓட்டினால் கந்த சஷ்டி சொல்வார்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் முகூர்த்தம் கிடையாது. மாஸ்டர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நஸ்ரினிடம் போய் நின்றேன். காற்று கிளம்புவதற்கு முன்னால், காலையில் வந்தால் வாரத்தில் நாலு நாள் சொல்லித் தருகிறேன் என்றாள்.

இன்று இறங்கச் சொல்லவே இல்லை. நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக ஓட்டு, இன்னும் மெதுவாக ஓட்டு என்றாள். அறுபது. ஐம்பத்தைந்து. ஐம்பது. நான் முருகா முருகா என்கிறேன், விமானம் பாட்டுக்குப் பறக்கிறது. நாற்பதை நெருங்கியபோதுதான், வேகம் போதவில்லை என்று எச்சரிக்கிற பீப்பி ஒப்பாரி வைத்தது, அப்புறம் மூக்கு தானாகத் தொங்கியது. இவள் கொஞ்சம் மூக்கை இறக்கி இன்ஜினைக் கொடுத்தாள், மறுபடி பறந்தது. நாலு தடவை என்னையும் செய்ய வைத்தாள்.

"புக்கு எழுதினவங்களே எதுக்கும் இருக்கட்டும்னு சேத்துத்தான் மேடம் அறுபது போட்டிருக்காங்க. நாப்பதுக்கு மேல அவ்வளவு மிச்சம் இருக்கு. அதுக்கு மேல நீங்க எதுக்குப் போடறீங்க?"

எனக்கு எங்கள் சமையல்கட்டு ஞாபகம் வந்தது. சாம்பாரில் மாஸ்டர் உப்புப் போட்டதைப் பார்க்காமல் அடுத்தவன் போடுவான், அவனைப் பார்க்காமல் நான் ஒரு கை போடுவேன். அந்தச் சாம்பாரைத்தான் நான் தினமும் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்போதுமே சேர்க்கக் கூடாதா என்று கேட்டேன். காற்று விட்டு விட்டு அடிக்கிற நாளில், அந்த வீச்சில் பாதியைச் சேர்க்கலாம், அதற்குக் கணக்கு உண்டு என்றாள். பயத்துக்குக் கணக்கு கிடையாதாம்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். அது சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

ஜூலை 18, வியாழன்

மறுபடி அறுபத்தெட்டு. மூளைக்கு நஸ்ரின் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது. கை மட்டும் இன்னும் வீட்டுக்காரர் பேச்சைத்தான் கேட்கிறது. என் உடம்பில் அவர் பேச்சைக் கேட்கிற பாகம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் மனுஷர் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடுவார்.

ஜூலை 24, புதன்

இவர் கால் பெருவிரலில் செருப்புக் கடி. பத்து நாளைக்கு முந்தியதாம், இன்றைக்குத்தான் நான் பார்க்கிறேன். ஆறவில்லை. மருந்து போட்டேன். எனக்கு ஒன்றும் பயமில்லை. மத்தியானம் அவர் தூங்கும்போது போர்வையை விலக்கி மறுபடி பார்த்தேன். அப்புறம் பருப்பு ஊறப்போட மறந்துவிட்டேன்.

பந்தயமெல்லாம் வேண்டாம், நாளைக்கே ஊசி போடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். கையில் அடித்த சத்தியத்தை மீறலாமா என்கிறார். அரிச்சந்திரன்.

ஜூலை 28, ஞாயிறு

நஸ்ரின் பக்கத்தில் இருக்க, அறுபத்திரண்டில் வந்தேன். பாதி ரன்வேக்கு முன்னால் சக்கரம் தொட்டது. நம்ப முடியாமல் நான் பிரேக்கைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். மறுபடி மறுபடி செய்தோம். ஆறில் நாலு நன்றாக வந்தது.

தனியாகப் போகும்போது ஒரு ஆள் எடை குறையும், அப்போது அறுபதுகூட வேண்டாம், ஐம்பத்தெட்டே தாராளம் என்றாள். நான் தலையாட்டினேன். மனதுக்குள் மட்டும் அதில் ஒரு அஞ்சைக் கூட்டிக்கொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் இவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷம்தான் என்றார். பிறகு சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்து, தனியாகப் போகும்போதுதான் அந்த அஞ்சு ரொம்ப முக்கியம், பக்கத்தில் யாரும் இல்லை பார் என்றார். நான் ஜெயிக்கக் கூடாது என்றுதான் இப்படிச் சொல்லித் தருகிறாரோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. சே. அவரும் அப்படித்தானே இறக்குகிறார்? ஒவ்வொரு தடவையும் வேலி வரைக்கும் போகிறாரே, அது என்னைத் தோற்கடிக்கவா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பால்காரரைப் பார்க்க இவர் காரை வெளியே எடுத்தார். கேட் தூணில் உரசிவிட்டார். இருபது வருடமாக அங்கேயே நிற்கிற தூண். தூணைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம் என்றார். சிரித்தேன். பிறகு கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்டேன். கார்க் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் இன்னொரு தடவை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் காற்றே இல்லை. நஸ்ரினுடன் இரண்டு சுற்று போனேன், இரண்டும் நன்றாக இறங்கின. ரன்வே ஓரத்தில் நிறுத்தச் சொன்னாள். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு, "நான் எறங்கிக்கறேன் மேடம், நீங்க ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்றாள். ஏதோ கடைக்குப் போய் வரச் சொல்வது மாதிரி. கதவைச் சாத்திவிட்டு நடந்து போனாள். ஷெட் வாசலில் இவரும் கூட்டாளிகள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். கையில் பிடிக்கிற ரேடியோ நஸ்ரினிடம் இருந்தது.

ஏறினேன். ஆள் இல்லாத சீட் அத்தனை பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எடை குறைந்த விமானம் விருட்டென்று மேலே போனது. சுற்றி வந்து ரன்வேக்கு நேராகத் திரும்பினேன். முள் அறுபத்தைந்துக்கு வந்ததும் கை அழுத்திவிட்டது. அறுபத்தொன்பது. ரன்வே மேலே மிதந்தேன், மிதந்தேன், பாதி தூரத்துக் கல் கடந்தது, முக்கால் தூரத்துக் கல் வந்தது. இன்ஜினை முழுக்கக் கொடுத்து ஏறினேன். தென்னை மட்டைகள் சக்கரத்துக்குக் கீழே போயின. நல்ல முடிவு மேடம் என்றாள் நஸ்ரின் ரேடியோவில்.

இரண்டாவது தடவையும் அதேதான். இந்தத் தடவை எழுபது.

மூன்றாவது சுற்றில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவசரமே இல்லை, பெட்ரோல் நிறைய இருக்கிறது, ஐம்பத்தெட்டு மட்டும் பாருங்கள் என்று அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஆறாத விரல்தான் கண்ணில் நின்றது. இன்றைக்கு இறக்காவிட்டால் இவர் ஊசி போட மாட்டார். இந்தத் தடவை எப்படியாவது அழுத்தி உட்கார வைத்துவிடுகிறேன் என்று ரேடியோவில் சொன்னேன்.

அழுத்தினால் என்ன ஆகும் என்று கீழே நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னால் அவங்க கை கேக்க மாட்டேங்குது சார், நீங்க சொல்லுங்க என்று நஸ்ரின் ரேடியோவை இவரிடம் நீட்டினாளாம். அதைப் பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டது இவர் குரல்.

"அம்மிணி, நாந்தான். அழுத்தாத. நான் சொன்ன அஞ்சத் தூக்கிப் போட்ரு."

இப்போது போய் எதற்கு இதைச் சொல்கிறார் என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. அது உங்க அனுபவமாச்சே என்றேன். ரேடியோவிலேயே சண்டை.

"அனுபவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு முள்ளு தெரியறதில்ல, அம்மிணி. போன தீவாளிக்கு முந்தியே மங்கிப்போச்சு. அதனாலதான் உன்னைய வாசிக்கச் சொன்னேன். நீ வாசிச்சு நான் கேக்கறதுக்குள்ள கொறஞ்சிருமோன்னு பயந்துதான் அஞ்சு வெச்சேன். உனக்கு முள்ளு தெரியுதில்ல? அப்புறம் உனக்கு எதுக்கு அஞ்சு?"

கூட்டாளிகள் பக்கத்தில் நிற்கிறார்கள். நஸ்ரின் நிற்கிறாள். ஷெட்டுக்குள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, மெக்கானிக் கேட்டிருப்பார். நவம்பர் மெடிக்கல், லைசென்ஸ், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இவர் தன் வாயாலேயே அத்தனை பேர் முன்னால் முடித்துக்கொண்டார்.

நான் முள்ளைப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. வெள்ளைக் கோடு, எண், எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே இருக்கிற சின்னக் கோடு எல்லாம் தெரிந்தது. ரன்வேக்கு நேராகத் திரும்பி மூக்கைத் தூக்கினேன். அறுபத்தைந்து. கை அழுத்தப் பார்த்தது, விடவில்லை. அறுபது. ஐம்பத்தெட்டு. அங்கேயே நிறுத்தினேன். விமானம் விழவில்லை. முதல் தடவையாக ரன்வே என்னை நோக்கி நிதானமாக வந்தது. மூக்கைத் தூக்கிப் பிடித்தேன், கொஞ்சம் மிதந்தது, பீப்பி லேசாக முனகியது, பின்சக்கரம் இரண்டும் தொட்டன. பாதிக் கல்லுக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. பிரேக் போடவே தேவையிருக்கவில்லை.

ஷெட்டுக்கு ஓட்டிவந்து இன்ஜினை அணைத்தேன். நஸ்ரின் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். கூட்டாளிகள் கை கொடுத்தார்கள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன்னிடமிருந்த விமானச் சாவியை இவர் ஏற்கெனவே நஸ்ரினிடம் கொடுத்துவிட்டிருந்தார். அவள் கேட்கவில்லையாம், அவராகத்தான் கொடுத்தாராம். என்னைப் பார்த்து நல்லா எறக்கினே என்றார்.

ஒரு வருடமாகக் கண் தெரியாமல் என்னை வைத்து இறக்கியிருக்கிறார். வீட்டுக்கு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் ஊசி ஆரம்பித்தாயிற்று. இவருடன் பேசவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கண் டாக்டர். சர்க்கரை விழித்திரையைத் தொட்டிருக்கிறது, லேசர் வைக்க வேண்டும் என்றார். இனி கெடாமல் பிடித்து நிறுத்தலாம், போனதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம், இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால் இதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது என்றார். விரலையும் பார்த்தார்கள். ஆறிவிடுமாம்.

பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று சாயங்காலம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். போட்டுக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

மத்தியானம் நஸ்ரின் போன் செய்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், இவர்தான் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார். பிறகு, எனக்கில்லை, அவளுக்கு, நான் சும்மா கூட வருகிறேன் என்றார். போனை வைத்துவிட்டுச் சமையல்கட்டு வாசலிலேயே நின்றார். அந்தச் சும்மா எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் இவரைக் கிண்டல் செய்தே பிழைத்தவள், ஒரு வார்த்தை கிடைக்காமல் பீன்ஸை அடுப்பில் போட்டுக் கிளறினேன்.

லைசென்ஸ் வாங்கினதும் முதலில் உங்களைத்தான் ஏற்றுவேன் என்றேன். இரண்டு நாளைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

நம்பி ஏறலாமா என்று கேட்டார். ஏறாவிட்டால் போங்கள் என்றேன். லேசாகச் சிரித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் இறக்கினேன் என்றார். தன் உயிருக்கு இல்லையாம், பக்கத்தில் நான் இருக்கிறேனே என்றுதான் பயமாம்.

எனக்குச் சுரீரென்று ஏறியது. கரண்டியோடு திரும்பினேன்.

"அவ்வளவு பயம் இருக்கறவரு, அப்புறம் என்னைய எதுக்குங்க கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ இல்லாம எனக்கு எறக்கத் தெரியாதே, அம்மிணி."

முதலில் திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு அங்கேயே நின்று அழுதேன். இவர் எழுந்து வந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தார்.